மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதும் சேர்த்த பிறகும்: சட்டம் சொல்வது என்ன, குடும்பங்கள் படும் பாடு என்ன?

"குடிபோதை மறுவாழ்வு மையத்தில் இருந்தவர் மர்மச் சாவு." "அனுமதியில்லாமல் இயங்கிய மையத்துக்குச் சீல்." தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு மாவட்டத்திலிருந்து இப்படிச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. படிப்பவர்களுக்கு உடனே சில சந்தேகங்கள் எழுகின்றன. விருப்பமில்லாத ஒருவரை மாதக்கணக்கில் பூட்டி வைக்கச் சட்டத்தில் இடம் உண்டா? குடும்பம் கையெழுத்துப் போட்டால் போதுமா? அரசு மருத்துவமனை இருக்கும்போது ஏன் அங்கே கொண்டுபோனார்கள்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நம் ஊரில் குடிநோய்ச் சிகிச்சை என்றால் 'சேர்ப்பது' என்றே எல்லோரும் நினைக்கிறோம். குடும்பத்தின் பணமும் பலமும் சேர்க்கும் நாளிலேயே தீர்ந்துபோகிறது. நோயாளியின் உயிருக்கு ஆபத்து வருவது அதற்கு அடுத்த சில நாட்களில். அவர் குடியிலிருந்து மீள்வாரா என்பது முடிவாவதோ வீடு திரும்பிய பிறகு வரும் மாதங்களில். இந்த இரண்டு கட்டங்களிலும்தான் உதவி மிகக் குறைவு.

குடிநோய் எந்தக் கணக்கில் வருகிறது?

குடிக்கிற எல்லோரும் நோயாளிகள் அல்ல. நினைத்தாலும் நிறுத்த முடியாமை, அளவு கூடிக்கொண்டே போவது, குடிக்காவிட்டால் கைநடுக்கமும் தூக்கமின்மையும் வருவது, வேலையும் உறவும் கெடுவது தெரிந்தும் தொடர்வது: இவற்றில் சில சேர்ந்து நீடித்தால் அதை மருத்துவம் 'சார்பு நிலை' என்கிறது. பேச்சு வழக்கில் அடிமைத்தனம். இது மூளையின் இயக்கத்தில் ஏற்படும் மாற்றத்தோடு தொடர்புடையது. "மனசு வச்சா விட்டுடலாம்" என்ற அறிவுரை பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதற்குத் தரும் வரையறையிலேயே மது, போதைப்பொருள் தவறான பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் சேர்த்திருக்கிறது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் விளைவு பெரிது. குடிநோயாளியைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் சட்டத்தின் பார்வையில் ஒரு மனநல நிறுவனம். மாநில மனநல ஆணையத்தில் அது பதிவு செய்திருக்க வேண்டும். மனநல மருத்துவமனை நோயாளிக்கு உள்ள உரிமைகள் அத்தனையும் அங்கே இருப்பவருக்கும் உண்டு. பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரையும், மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். மாதக்கணக்கில் ஆட்களை வைத்துக் கட்டணம் வாங்கும் ஒரு மையத்துக்கு அந்த முதல் அபராதம் உறைக்காது என்பதே என் கருத்து.

இன்னொரு குழப்பம், துறைகள் இரண்டாக இருப்பது. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும் போதை மீட்பு வார்டும் சுகாதாரத் துறையின் கீழ் வருகின்றன. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பல மறுவாழ்வு மையங்களுக்கு ஒன்றிய அரசின் சமூக நீதித் துறை நிதி தருகிறது. இவை தவிரத் தனியார் மையங்கள். மூன்றுக்கும் வெளியில் தொங்கும் பெயர்ப்பலகை ஏறக்குறைய ஒன்றுதான். நள்ளிரவில் செல்போனில் தேடும் ஒரு மனைவிக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

சிகிச்சை எத்தனை பேரை எட்டுகிறது?

போதைப் பழக்கத்தின் அளவு பற்றி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. அதன்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார். மருத்துவமனையிலோ மையத்திலோ தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மனநலத்துக்கான தேசிய மருத்துவ நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வும் மது தொடர்பான கோளாறு உள்ளவர்களில் 86 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகக் கண்டது.

அப்படியானால் மருத்துவரிடம் வந்து சேரும் குடும்பம், ஏற்கெனவே பல வருடம் தானே சமாளித்துப் பார்த்துத் தோற்ற குடும்பம். சத்தியம் வாங்கியிருப்பார்கள். கோயிலில் கயிறு கட்டியிருப்பார்கள். நகையை அடகு வைத்துக் கடனை அடைத்திருப்பார்கள். "ஏன் இவ்வளவு நாள் கழித்து வருகிறீர்கள்?" என்று ஓ.பி.யில் கேட்கப்படும்போது அந்தக் கேள்வி அவர்களை எப்படிச் சுடும் என்பதைக் கேட்பவர்கள் யோசிக்க வேண்டும்.

குடியை நிறுத்திய முதல் நான்கு நாட்கள்

பொதுவாகத் தெரியாத, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய மருத்துவ உண்மை இது. நெடுங்காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. மது மூளையை அமுக்கி வைக்கும் பொருள். அதை எதிர்த்தே இயங்கிப் பழகிய மூளை, மது சட்டென நின்றதும் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழுகிறது. அது ஏறத்தாழ இந்த வரிசையில் நடக்கும்:

1. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை.
2. முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு. 'வெட்டு வந்துவிட்டது' என்று சொல்வார்கள்.
3. 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை. பூச்சி ஊர்வதாகவும் பாம்பு தெரிவதாகவும் சொல்வார்கள். நாள், கிழமை, இடம் தெரியாது. காய்ச்சலும் நடுக்கமும் சேரும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம்.

அரசு மருத்துவமனைகளில் அடிக்கடி நடக்கும் ஒன்று: விபத்தில் கால் உடைந்து எலும்பு முறிவு வார்டில் ஒருவரைச் சேர்த்திருப்பார்கள். "குடிப்பாரா?" என்ற கேள்விக்குக் கூட இருப்பவர்கள் வெட்கப்பட்டு "எப்பவாச்சும்" என்று சொல்லியிருப்பார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சுவரில் யாரோ நிற்பதாகக் கத்துவார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று குடும்பம் அழும். பேய் பிடித்தது என்றும் ஒருவர் சொல்வார். தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது என்ற இரண்டு தகவலையும் சேர்க்கும்போதே மறைக்காமல் சொல்லியிருந்தால், மருந்து கொடுத்துப் பெரும்பாலும் தடுத்திருக்கலாம்.

அந்த மருந்துகள் விலை உயர்ந்தவையும் அல்ல. குளோர்டயஸிபாக்ஸைடு, லோராசிபாம் போன்றவற்றை ஆரம்பத்தில் போதிய அளவு கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின், பெரும்பாலும் ஊசியாக. குடிநோயாளிகள் சரியாகச் சாப்பிடாததால் இந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் விட்டால் நடை தள்ளாடி, கண் அசைவு கெட்டு, நினைவே நிரந்தரமாக அழியும் நிலை வரலாம்.

இந்த நான்கு நாட்களும் மருத்துவரும் செவிலியரும் இல்லாத ஒரு வீட்டின் மாடியில் கழிந்தால்? நடுங்குபவரை 'நடிக்கிறான்' என்று நினைப்பார்கள். சித்தப்பிரமையில் கத்துபவரைக் கட்டிப்போடுவார்கள், அடிப்பார்கள். மையங்களில் நிகழும் மரணங்கள் எல்லாமே அடியால் மட்டும் வருபவை என்று நினைத்துவிடக் கூடாது. அடியே விழாவிட்டாலும், மருத்துவர் இல்லாத இடத்தில் குடியை நிறுத்தவைப்பதே உயிருக்கு ஆபத்து.

சேர்க்க மூன்று வழிகள்

2017 சட்டப்படி வயது வந்த ஒருவரைத் தங்கவைத்துச் சிகிச்சை தர முக்கியமான வழிகள் இவை:

1. அவரே சம்மதித்துச் சேர்வது. சட்டம் இதைத்தான் இயல்பான வழியாகக் கருதுகிறது. இப்படிச் சேர்ந்தவர் போக வேண்டும் என்று கேட்டால் விட்டுவிட வேண்டும். நிலைமை மோசம் என்று மருத்துவர் கருதினால் மதிப்பிடுவதற்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம்.

2. ஆதரவுடன் சேர்ப்பது. 89ஆம் பிரிவு. நோயாளியின் நியமனப் பிரதிநிதி, அதாவது தன் சார்பில் பேச அவர் நியமித்தவர், விண்ணப்பிக்க வேண்டும். நோயாளி எழுத்தில் யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர் ஒருவர் அந்த இடத்தில் இருக்கலாம். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத அளவுக்கு ஆபத்து இருப்பதாக இருவருமே முடிவுக்கு வர வேண்டும். அதிகபட்சம் 30 நாட்கள். நோயாளிகளின் உரிமையைக் கவனிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாட்களுக்குள் தகவல் போக வேண்டும். பெண்ணாக இருந்தால் 3 நாட்களுக்குள். 30 நாளைத் தாண்டினால் இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் வாரியத்தின் அனுமதியும் தேவை.

3. அவசரச் சிகிச்சை. 94ஆம் பிரிவு. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்றால் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் சிகிச்சை தொடங்கலாம், அருகிலுள்ள மனநல நிறுவனத்துக்கு அனுப்பலாம். பொதுவாக 72 மணி நேர வரம்பு.

ஆக, அப்பாவோ மனைவியோ போடும் கையெழுத்து மட்டும் ஒருவரை அடைத்து வைக்கும் அதிகாரத்தை யாருக்கும் தருவதில்லை. சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது. தனிமைச் சிறையும் கூடாது. கட்டாயப்படுத்தி மொட்டை போடுவது, வேலை வாங்குவது, உறவினரையும் தொலைபேசியையும் மறுப்பது எல்லாம் உரிமை மீறல்கள். இந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு கொடுமையான வரலாறு இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

சட்டத்துக்கும் தெருவுக்கும் நடுவே

இவ்வளவு தெளிவாக எழுதிவைத்தும் ஆளைத் தூக்கிப்போக ஏன் இரவில் மையத்தின் வண்டி வருகிறது? "நீங்க போன் பண்ணினா போதும், நாங்களே ஆள் வச்சுத் தூக்கிக்கறோம்" என்று சில மையங்கள் சொல்வதும், வீட்டுக்கு நாலு பேர் வந்து உறங்குபவரைக் கைகாலைக் கட்டி ஏற்றுவதும் ஊரறிந்த விஷயம். அப்புறம் மூன்று மாதக் கட்டணம், முதல் மாதம் பார்க்க வரக் கூடாது என்ற நிபந்தனை.

குடும்பத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. குடித்துவிட்டு அரிவாளோடு நிற்பவரை எதிர்த்து மனைவி 100-க்குப் போன் செய்தால், "குடும்பச் சண்டை, காலையில வாங்க" என்ற பதில் வரலாம். மருத்துவமனைக்குப் போனால் "அவரைக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். வர மறுப்பதுதானே பிரச்சினையே? சட்டம் இரண்டு மருத்துவர்கள் பரிசோதிக்கட்டும் என்கிறது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. வீட்டுக்கே வந்து பார்க்கும் பொதுச் சேவை கிட்டத்தட்ட இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் வண்டி வருகிறது. மையங்களுக்குச் சீல் வைத்தால் மட்டும் அந்த வெற்றிடம் நிரம்பாது.

நோயாளியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். தன் வீட்டாரே கதவைத் திறந்துவிட்டு, அந்நியர்கள் தன்னைக் கட்டித் தூக்கியதை அவர் மறப்பதில்லை. திரும்பி வந்தபின் குடியைவிட அந்தக் கோபம் பெரிதாக நிற்கும். அடுத்த முறை உண்மையிலேயே உதவி தேவைப்படும்போது, மருத்துவமனை என்ற பேச்சை எடுத்தாலே ஓடுவார். கட்டாயத்துக்குக் கொடுக்கும் விலைகளில் இது முக்கியமானது. செலவுக் கணக்கில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை.

இதே ரகத்தில் இன்னொன்று, 'குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தும் மருந்து' என்ற விளம்பரம். டைசல்பிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே உண்டு. நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட்டால் நல்ல பலன் தரும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்துக் குடித்தாலும் இது வரலாம். தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால், அவர் வழக்கம்போலக் குடித்துவிட்டு உயிரை விடவும் கூடும். பாக்கெட்டில் வரும் பெயரில்லாத பொடியில் என்ன இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

இரண்டு கதவுகளுக்கு நடுவே அலைச்சல்

குடிநோயும் மனச்சோர்வும், அல்லது வேறு மனநோயும் சேர்ந்தே இருப்பது சாதாரணம். ஆனால் சேவைகள் பிரிந்து கிடக்கின்றன. மறுவாழ்வு மையம் "இவருக்கு மனநோய் இருக்கு, முதல்ல ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்கிறது. மனநலப் பிரிவு "முதல்ல குடியை நிறுத்தட்டும்" என்கிறது. அம்மா ஒரு மஞ்சள் பையில் பழைய சீட்டுகளை வைத்துக்கொண்டு பஸ் ஏறி இறங்குகிறார்.

இதில் மருத்துவர் சொல்வதற்கு ஒரு பாதி நியாயம் உண்டு. குடியால் வரும் சோர்வு, நிறுத்திய மூன்று நான்கு வாரங்களில் பலருக்குத் தானாகவே குறையும். அதனால் நிரந்தர முடிவு சொல்லச் சற்றுக் காத்திருப்பார்கள். ஆனால் காத்திருப்பது வேறு, திருப்பி அனுப்புவது வேறு. தற்கொலை எண்ணம் இருப்பவரை எந்தக் கதவும் திருப்பி அனுப்பக் கூடாது. 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. போலீஸ் கேஸுக்குப் பயந்து "விஷத்தைத் தவறிக் குடிச்சிட்டார்" என்று பொய் சொல்லத் தேவையில்லை.

பணம் பற்றிச் சுருக்கமாக. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் சிகிச்சை இலவசம். காப்பீடு விஷயத்தில் ஒரு முரண் இருக்கிறது. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகளில் 12-ஆம் எண் விலக்கு என்ற தலைப்பில், மது மற்றும் போதைப் பழக்கச் சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம் என்று அச்சிட்டிருக்கும். ஒரே சட்டம் மனநோய் என்று சொல்வதைப் பாலிசி ஒழுக்கக்கேடு போல நடத்துகிறது. தனியார் மருத்துவமனைக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.

டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாதவை

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு சீட்டு தருவார்கள். மருந்தின் பெயர், பக்கத்தில் 1-0-1, 15 நாள், மறுபரிசோதனைத் தேதி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று புரிந்துகொள்வார்கள். மற்ற எதுவும் அதில் இருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே டாஸ்மாக் கடை இருக்கும். 2003-லிருந்து மதுவின் சில்லறை விற்பனையை நடத்துவது மாநில அரசுதான். அதில் வரும் வருமானத்துக்கு ஏற்ற அக்கறை, சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் அடுத்த ஆறு மாதத்தின் மீதும் அரசுக்கு இருந்தாக வேண்டும்.

2017 சட்டத்தின் 98ஆம் பிரிவு, அனுப்புவதற்கு முன் நோயாளியோடும் அவர் யாரோடு வசிக்கப் போகிறாரோ அவரோடும் அடுத்த சிகிச்சை பற்றிக் கலந்து பேச வேண்டும் என்கிறது. யாரும் பேசாவிட்டால் குடும்பம் கேட்டு வாங்க வேண்டியவை:

1. இதில் எந்த மாத்திரை நடுக்கத்துக்கானது, எப்போது நிறுத்துவது? (லோராசிபாம் வகை மாத்திரைக்கே அடிமையாகிவிடும் ஆபத்து உண்டு.)
2. எந்த மாத்திரை குடிக்கும் ஆசையைக் குறைக்க? எத்தனை மாதம்?
3. இடையில் ஒருநாள் குடித்துவிட்டால் மாத்திரையைத் தொடரலாமா? யாரைக் கூப்பிடுவது?
4. எந்த அறிகுறி வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வர வேண்டும்?

மூன்றாவது கேள்விதான் அதிகம் விடுபடுகிறது. மீண்டும் குடிப்பது இந்த நோயில் மிகச் சாதாரணம். அதைச் சொல்லாமல் அனுப்புவதால், முதல் முறை வாசனை வந்ததும் "இவ்வளவு செலவு பண்ணியும் வீணாப் போச்சு" என்று வீடே இடிந்துபோகிறது. அவரும் வெட்கப்பட்டு மறுபரிசோதனைக்குப் போக மாட்டார். ஒருநாள் சறுக்கல் பழைய குடியாக மாறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவருவது புதிய யோசனை அல்ல. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை, நோயாளியோடு குடும்பத்தினருக்கும் தனி வகுப்பும் ஆலோசனையும் வைத்தது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே சிகிச்சை முகாம்களையும் நடத்தியது. ஊர்க்காரர்களே ஒத்தாசைக்கு நிற்கும்போது, திரும்பி வருபவரைப் பழைய பட்டப்பெயரால் கூப்பிடும் வழக்கம் குறைகிறது. குடிநோயாளிகள் தங்களுக்குள் நடத்தும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களும் குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டங்களும் பல ஊர்களில் கட்டணமின்றி நடக்கின்றன.

கூட இருப்பவர்களுக்கு

ஓ.பி.யில் மருத்துவர் மனைவியைப் பார்த்துக் கேட்பார்: "எவ்வளவு குடிக்கிறார்? அடிப்பாரா? மாத்திரை சாப்பிடறாரா?" பக்கத்து நாற்காலியில் கணவர் தலைகுனிந்து இருப்பார். அவரிடம் யாரும் பேசுவதில்லை, மனைவியிடம் "நீங்க தூங்கறீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. இருவரும் தனித்தனியாகப் பேச ஐந்து ஐந்து நிமிடம் கேட்டு வாங்கலாம். மனைவி தன் பெயரிலேயே ஓ.பி. சீட்டுப் போடலாம். அதற்குக் கணவர் குடியை நிறுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

பேச ஆள் வேண்டுமென்றால் 14416, மனநல ஆலோசனைக்கான அரசு எண். போதை மீட்புக்கு 14446. வீட்டில் அடி விழுந்தால் பெண்களுக்கு 181. மையத்தில் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் நோயாளியோ அவரது பிரதிநிதியோ மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுதலாம். அதற்கு வழக்கறிஞர் தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக அமர்த்தித் தரும். இலவசச் சட்ட உதவிக்கான எண் 15100.